அம்மா வீட்டை என் பேரில் எழுதி அண்ணனை என் பொறுப்பில் விடுகிறார்: வாங்கிக்கொள்ளலாமா?

கேள்வி: மதுரையிலிருந்து ஒருவர், 3 ஆகஸ்ட் 2025

என் அண்ணனுக்கு 41 வயது. டவுன் சிண்ட்ரோம். சான்றிதழில் 75 சதவீதம் போட்டிருக்கிறார்கள். அப்பா மில் தொழிலாளி, சில வருடம் முன்பு தவறிவிட்டார். அம்மாவுக்கு 70. "வீட்டை உன் பேருக்கு எழுதிடறேன், அவனைக் கடைசிவரைக்கும் பார்த்துக்க" என்கிறார். என் மனைவிக்கும் சரி. சொந்தக்காரர்கள், "ஏதாவது இல்லத்துல சேர்த்துவிடு, உனக்கும் பிள்ளைங்க இருக்கு" என்கிறார்கள். எது சரி?

3 ஆகஸ்ட், இரவு

எழுதி வாங்காதீர்கள். எங்கள் தம்பிக்கும் டவுன் சிண்ட்ரோம்தான், 38 வயது, திருச்சியில் இருக்கிறோம். அதனால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன்.

முதலில், வீடு யார் பேரில் இருக்கிறது? அப்பா சம்பாதித்து வாங்கி, உயில் எழுதாமல் போயிருந்தால் அது அம்மாவின் வீடு மட்டும் இல்லை. அம்மா, நீங்கள், அண்ணன், மூன்று பேருக்கும் சமபங்கு. அப்பாவைப் பெற்ற பாட்டி அன்றைக்கு உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒன்று. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 28-ஆவது பிரிவு, நோயோ குறைபாடோ இருப்பதால் ஒருவரின் பங்கு போகாது என்கிறது. "அவனுக்கு எதுக்குப் பங்கு" என்று கேட்கிற பெரியப்பா எல்லா வீட்டிலும் ஒருவர் இருப்பார். எங்கள் வீட்டிலும் உண்டு. அவரிடம் 28 என்று மட்டும் சொல்லுங்கள்.

சிலர் சுலபவழி சொல்வார்கள்: அண்ணனிடம் கைநாட்டு வாங்கி, பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரம் போட்டுவிடு என்று. புரியாமல் வைத்த கைநாட்டு, நாளைக்கு யாராவது கேள்வி கேட்டால் நிற்காது.

சரி, வீடு அம்மா பேரிலேயே இருக்கிறது, உங்களுக்கு எழுதியும் விட்டார் என்று வைத்துக்கொள்வோம். அதற்குப் பிறகு உங்களுக்கு ஒன்று ஆகிவிட்டால்? (கோபிக்காதீர்கள், அண்ணனைவிட நீங்கள் சின்னவர் என்பது ஒரு உத்தரவாதமும் இல்லை.) வீடு உங்கள் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அம்மாவுக்கும் போகும். அண்ணன் பேர் எங்கேயும் வராது. "பார்த்துக்கொள்ளவில்லை என்றால் செட்டில்மென்ட்டை ரத்து பண்ணலாமே, மூத்த குடிமக்கள் சட்டம் இருக்கே" என்பார்கள். 2007-இல் வந்த அந்தச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு, எழுதிக்கொடுத்தவரைப் பார்த்துக்கொள்ளாவிட்டால் அவர் திரும்பக் கேட்கலாம் என்கிறது. அதாவது அம்மா தனக்காகக் கேட்கலாம். அண்ணனுக்காக இல்லை.

இன்னொன்று. மனைவிக்கும் சரி என்று எழுதியிருக்கிறீர்கள். எதற்குச் சரி? அண்ணனை இப்போது குளிப்பாட்டுவது யார்?

4 ஆகஸ்ட்

அம்மாதான் என்கிறார் மதுரை சார். நினைத்தேன்.

நாளைக்கு உங்கள் மனைவி குளிப்பாட்டப் போவதில்லை. 41 வயது ஆம்பளையைத் தம்பி மனைவி குளிப்பாட்டுவது அவருக்கும் சங்கடம், அண்ணனுக்கும் சங்கடம். நீங்கள் காலை ஏழரைக்கு வேலைக்குக் கிளம்புகிறவர் என்றால், "கடைசிவரைக்கும் பார்த்துக்க" என்பதன் முதல் முடிச்சே அங்கே இருக்கிறது. பத்திரத்தில் இல்லை.

எங்கள் வீட்டிலும் அம்மாதான் செய்துகொண்டிருந்தார், அவருக்கு இடுப்பெலும்பு முறிகிறவரை. பக்கத்துத் தெருவில் ஒருவர், ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வந்து தம்பிக்குக் கற்றுக்கொடுத்தார். முப்பது வயதுக்கு மேல் என்ன கற்றுக்கொள்வான் என்று நாங்கள் நம்பவில்லை. கற்றுக்கொண்டான். முதுகுக்குக் கை எட்டாது என்று நீளப்பிடி பிரஷ் ஒன்று வாங்கினோம். சோப்பு நுரையை மட்டும் இன்றைக்கும் சரியாகக் கழுவ மாட்டான். காய்ந்த பிறகு அக்குளில் வெள்ளையாக நிற்கும், பனியன் விறைக்கும். அம்மா பனியனைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "போடா, இன்னொரு வாளி ஊத்திட்டு வா" என்பார்.

5 ஆகஸ்ட்

"முதலில் பாதுகாவலர் சான்றிதழ் வாங்குங்கள்" என்று மேலே மூன்று பேர் எழுதிவிட்டார்கள். வாங்கலாம். அது என்ன என்று தெரிந்து வாங்குங்கள்.

18 வயதோடு அப்பா அம்மாவின் இயற்கைப் பாதுகாவலர் உரிமை முடிந்துவிடுகிறது. அண்ணனுக்கு இன்றைக்குச் சட்டப்படி அம்மாவும் பாதுகாவலர் இல்லை. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு, இந்த நான்குக்கும் 1999-இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் வழி இருக்கிறது. கலெக்டர் தலைமையில் உள்ளூர் அளவிலான குழு, அதில் பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்திலிருந்து ஒருவர், மாற்றுத்திறனாளி ஒருவர். மனுவை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். கோர்ட், வக்கீல் பீஸ் எதுவும் இல்லை.

சான்றிதழ் வாங்கினால் அண்ணன் சொத்து உங்களுடையது ஆகிவிடாது. ஆறு மாதத்துக்குள் அவருடைய சொத்துப் பட்டியலைக் கொடுக்க வேண்டும், பிறகு வருடா வருடம் கணக்கு. சரியாகப் பார்க்கவில்லை என்றால் பாதுகாவலரை நீக்கச் சொல்லி மனுப் போடவும் சட்டத்தில் இடமுண்டு. எத்தனை பேர் கணக்குக் கொடுக்கிறார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள்.

தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீட்டுக்கு இந்தச் சான்றிதழ் தேவையில்லை. அதையும் இதையும் குழப்பிக்கொண்டு ரொம்பப் பேர் காத்திருக்கிறார்கள். அது தனி, வருடத்துக்கு ஒரு லட்சம் வரை, முன்கூட்டி மருத்துவப் பரிசோதனை கிடையாது, வயது வரம்பும் இல்லை. உடனே போடுங்கள்.

6 ஆகஸ்ட்

நேற்று எழுதியதோடு ஒன்று சேர்க்கிறேன். என்ன வேலைக்கு என்று தெரியாமல் பாதுகாவலர் ஆகாதீர்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் வரையறுக்கப்பட்ட பாதுகாவலர் என்கிறது: இந்த முடிவுக்கு, இவ்வளவு காலத்துக்கு, அவர் விருப்பப்படி, அவரோடு கலந்து. 1999 சட்டம் பழைய சட்டம், அதில் இந்த வாசனை குறைவு. கையில் சான்றிதழ் வந்ததும் வீட்டில் பேச்சே மாறிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அதுவரை "டேய், இட்லியா தோசையா" என்று அவனைக் கேட்டவர்கள், அப்புறம் அவனுக்குப் பக்கத்தில் நிற்கிறவரைப் பார்த்து "அவருக்கு என்ன வைக்க?" என்பார்கள்.

6 ஆகஸ்ட், சற்றுப் பிறகு

மனநோய் உள்ளவருக்கு என்ன வழி என்று ஒருவர் கேட்டிருக்கிறார். 1999 சட்டம் அவர்களுக்கு இல்லை. 2017 மனநலச் சட்டத்தில் அவரே ஒருவரைப் பிரதிநிதியாக நியமிக்கலாம், எந்தச் சிகிச்சை வேண்டும் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். நன்றாக இருக்கிற நாளிலேயே எழுதி வாங்குங்கள். சொத்து, பாங்கு விவகாரம் அதில் வராது, அதற்கு நல்ல வக்கீலைப் பாருங்கள்.

10 ஆகஸ்ட்

மாற்றுத்திறனாளி மகளுக்குத் தன் பென்ஷன் வருமா என்று கேட்ட கும்பகோணத்து தபால்துறை ஐயாவுக்கு: உங்கள் பென்ஷன் உங்களுக்கும் உங்கள் மனைவிக்கும் பிறகு மகளுக்கு ஆயுள் முழுக்க வரும், அவரால் சம்பாதித்துப் பிழைக்க முடியாது என்று சான்று இருந்தால். காத்திருக்காமல் இப்போதே பி.பி.ஓ.-வில் (பென்ஷன் வழங்கும் ஆணையில்) பேரைச் சேர்க்க விண்ணப்பியுங்கள். எங்கள் அப்பா பொன்மலை ஒர்க்‌ஷாப், ரயில்வேயிலும் இதே விதிதான். அறிவுசார் குறைபாடு என்றால் அந்தப் பென்ஷனை யார் வாங்கிச் செலவழிப்பது என்று நீங்களே எழுதி நாமினேட் பண்ணலாம். நீங்கள் பண்ணாமல் விட்டால் உங்கள் மனைவி பண்ணலாம்.

எங்கள் அப்பா பண்ணியிருந்தார். அப்படியிருந்தும் பாங்கில் "கோர்ட் கார்டியன்ஷிப் கொண்டுவாங்க" என்று நிற்க வைத்தார்கள். விதியைப் பிரின்ட் எடுத்து, அந்த வரியை மஞ்சள் மார்க்கரில் கோடிட்டு மேனேஜர் மேஜையில் வைத்த பிறகுதான் வேலை நகர்ந்தது. அவர் படித்துவிட்டு, "இது எங்களுக்கு சர்க்குலரா வரலையேம்மா" என்றார்.

மதுரை சார், உங்கள் அப்பா மில் என்றீர்களே, அம்மா பி.எஃப். பென்ஷன் வாங்குகிறாரா? 1995 திட்டத்தில் முழு ஊனமுள்ள பிள்ளைக்கு வயது வரம்பு இல்லாமல் பென்ஷன் உண்டு. தொகை சொற்பம்தான். ஆனாலும் பி.எஃப். ஆபீஸில் அண்ணன் பேர் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். மாநில அரசின் பராமரிப்புத் தொகையை 2023 ஜனவரியில் மாதம் 2,000 ரூபாய் ஆக்கினார்கள், அதுவும் வருகிறதா என்று பாருங்கள்.

15 ஆகஸ்ட்

லீவு நாள், இல்லம் பற்றி எழுதிவிடுகிறேன்.

இல்லத்தில் சேர்ப்பது பாவம் என்பவர்கள் ஒரு வாரம் ராத்திரி கண்விழித்துப் பார்த்துவிட்டு வரட்டும். இல்லத்தில் சேர்த்தால் நிம்மதி என்பவர்கள் ஒரு வாரம் அங்கே போய் உட்கார்ந்துவிட்டு வரட்டும். ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த இல்லத்தில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை தீப்பிடித்தபோது 28 பேர் கருகிப்போனார்கள், சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியவில்லை. அவர்களைக் கொண்டுபோய் விட்ட குடும்பங்களும் "நல்லா பார்த்துக்கறாங்க" என்றுதான் நம்பியிருக்கும்.

அம்மா படுத்திருந்த சமயம் நானும் தங்கையும் சில இல்லங்களைப் போய்ப் பார்த்தோம். ஒன்றில் தரை பளபள, மதியம் சாம்பாரில் முருங்கைக்காய், வார்டன் அன்பாகத்தான் பேசினார். துணி துவைக்கும் இடத்துக்குப் போனால் எல்லோர் சட்டையும் ஒரே குவியல். காய்ந்ததும் யாருக்கு எது அளவோ அதை மாட்டிவிடுவார்களாம். எங்கள் தம்பிக்குச் சட்டைப் பை ரொம்ப முக்கியம். பஸ் டிக்கெட், பிளாட்பாரம் டிக்கெட் எல்லாம் அதில்தான் இருக்கும், துவைக்கப் போடும்போது அவனே எடுத்துப் புதுச் சட்டைக்கு மாற்றுவான். அங்கே கொடுக்கிற டீ-ஷர்ட்டில் பையே இல்லை.

இன்னொரு இடத்தில் யாரோ ஒரு நன்கொடையாளர் வீட்டுக் குழந்தைக்குப் பிறந்தநாள். அறுபது பேரும் வரிசையாக உட்கார்ந்து கைதட்டிப் பாடினால்தான் பிரியாணி. தினமும் இதே மாதிரி யாராவது வருவார்களா என்றேன். "ஆடி மாசம் கொஞ்சம் கம்மி" என்றார்கள். சிரிப்பு வந்தது, அப்புறம் ரொம்ப நேரம் பேச்சு வரவில்லை.

பார்க்கப் போனால் முன்கூட்டிச் சொல்லாமல் போங்கள். 2016 சட்டப்படி பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். பூட்டு கதவின் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். ஞாயிறு மாலை மட்டும்தான் பார்வையாளர் என்றால் அடுத்த இடத்துக்குப் போங்கள். பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்றால் ஏன் என்று கேளுங்கள். நல்ல பதிலும் இருக்கலாம்.

சின்ன வீடாக எடுத்து ஆறேழு பேரைத் தங்கவைத்து நடத்துகிற இடங்களும் இருக்கின்றன. அப்படி ஒன்றில் தம்பி சில நாள் தங்கிவிட்டு வந்தான். அம்மா உயிரோடு இருக்கும்போதே இதைப் பழக்குங்கள். அம்மா இறந்த வாரத்திலேயே புது வீடு, புது ஆட்கள், புதுத் தட்டு என்று எல்லாம் ஒன்றாக அவர் தலையில் விழக்கூடாது.

15 ஆகஸ்ட், இரவு

வருமான வரி கேட்டவருக்கு: மாற்றுத்திறனாளியைப் பராமரிப்பவருக்கு வரிக் கழிவு உண்டு, 1961 சட்டத்தில் அது 80டிடி, 75,000 ரூபாய். 80 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் 1,25,000. பழைய முறையில் கட்டினால்தான். புது முறையில் கிடையாது.

20 ஆகஸ்ட்

ஒரு அம்மா தனிச்செய்தியில் கேட்டதை, அவர் அனுமதியோடு இங்கே எழுதுகிறேன். மகளுக்கு 16 வயது, அறிவுசார் குறைபாடு. மாதவிலக்கு நாட்களில் சமாளிக்க முடியவில்லை. தெரிந்த டாக்டர் ஒருவர் கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்கிறாராம். வெளியே போகிற பெண்ணுக்கு "பாதுகாப்பும்" ஆச்சு என்று வீட்டில் சொல்கிறார்களாம்.

இது புதிய யோசனை இல்லை. 1994-இல் மகாராஷ்டிரத்தில் ஷிரூர் அரசு இல்லத்துப் பெண்களுக்கு இப்படிச் செய்தபோது நாடே கொந்தளித்தது. இன்றைக்கு 2016 சட்டத்தின் 10-ஆவது பிரிவில் நேராகவே இருக்கிறது: அவருடைய சுய சம்மதம் இல்லாமல் கருத்தரிக்க முடியாமல் செய்கிற எந்தச் சிகிச்சையும் கூடாது.

சட்டத்தை விடுங்கள். கர்ப்பப்பையை எடுத்தால் விலக்கு நிற்கும். யாராவது கை வைப்பது நிற்காது. கர்ப்பம் ஆகாது என்பதால் நடந்தது வெளியே தெரியாமல் போகும், அவ்வளவுதான். நாப்கின் மாற்றப் பழக்குவதற்குப் படம் போட்ட அட்டை வைத்துச் சொல்லித் தருகிற சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். ரத்தப்போக்கு அதிகம் என்றால் அதற்கு மருந்து இருக்கிறது, வேறொரு மகப்பேறு டாக்டரைப் பாருங்கள்.

"அவளுக்கு என்ன புரியும்" என்று அந்த அம்மாவே கேட்டார். 2009-இல் சண்டிகர் அரசு இல்லத்தில் பாலியல் வன்முறைக்கு ஆளாகிக் கருவுற்ற ஒரு பெண்ணுக்கு லேசான அறிவுசார் குறைபாடு. கருவைக் கலைக்கச் சொல்லி உயர்நீதிமன்றம் உத்தரவு போட்டுவிட்டது. அவர் குழந்தை வேண்டும் என்றார். உச்சநீதிமன்றம் அவர் சொன்னதை எடுத்துக்கொண்டு அந்த உத்தரவை நிறுத்தியது. கலைத்திருந்தால்தான் நல்லது என்று நினைக்கிறவர்கள் இருப்பார்கள், எனக்கும் அந்த வழக்கில் முழுத் தெளிவு இல்லை. ஆனால் அவரைக் கேட்டார்கள்.

24 ஆகஸ்ட்

மதுரை சார் எழுதியிருக்கிறார்: ஆறு மாதமாக அண்ணன் ரொம்பப் பிடிவாதம், கூப்பிட்டால் திரும்புவதில்லை, டிவியை அலறவிடுகிறார், அதனால்தான் இல்லத்துப் பேச்சே வந்தது என்று.

காதைப் பார்த்தீர்களா?

கேலி இல்லை. டவுன் சிண்ட்ரோமில் காதுக்குழாய் குறுகல், அழுக்கு அடைத்துக்கொள்வது சகஜம். எங்கள் தம்பி ஒரு வருடம் இப்படித்தான் "மந்தமாகிவிட்டான்". ரயில் வந்தால் முதலில் சொல்கிறவன் சும்மா உட்கார்ந்திருந்தான். ஞாபகமறதி நோய் ஆரம்பம் என்று நாங்களே முடிவு கட்டி, இல்லம் தேடினதில் பாதி அந்தப் பயத்தில்தான். காது மூக்கு தொண்டை டாக்டர் இரண்டு காதிலிருந்தும் அழுக்கை மிளகு மிளகாக எடுத்துக் கிண்ணத்தில் போட்டார். வெளியே வந்ததும் ஆட்டோ ஹாரனுக்கு அதட்டினான்: "டேய், சும்மா இருடா!"

தைராய்டும் பாருங்கள், கண்புரையும் பாருங்கள். ராத்திரி குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று பக்கத்தில் படுத்துக் கேளுங்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு நாற்பது, ஐம்பது வயதிலேயே மறதி நோய் வருவது உண்மைதான். ஆனால் அதைக் கடைசியில் சந்தேகப்படுங்கள்.

25 ஆகஸ்ட்

"நீங்க டாக்டரா?" என்று ஒருவர். இல்லை, கடன் சங்கத்தில் கிளார்க்.

30 ஆகஸ்ட்

மதுரை சார், உங்களைத் திட்டப்போகிறேன்.

27 நாள் கழித்து, எழுபது பதிவுக்கு அப்புறம், போகிறபோக்கில் "விருதுநகர் அக்கா வந்தபோது அண்ணன் அங்கே போய்விட்டான்" என்று எழுதுகிறீர்கள். அக்கா இருக்கிறாரா? அவரை ஏன் கணக்கிலேயே சொல்லவில்லை? "கட்டிக்கொடுத்தாச்சு" என்கிறீர்கள். கட்டிக்கொடுத்தால் வாரிசு இல்லையா? மூன்று பங்கு என்று முதல் நாள் எழுதினேன். அதை நான்காக்குங்கள். வாரிசுச் சான்றிதழிலாவது அவர் பேர் இருக்கிறதா?

பங்கைவிடப் பெரிய விஷயம் வேறு. அண்ணனுக்கு வேண்டிய இரண்டாவது ஆள் ஒரு மாதமாக விருதுநகரில் உட்கார்ந்திருக்கிறார்.

பணம் வைத்திருப்பவரும் சோறு போடுகிறவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது. இந்த இழையில் எனக்குச் சொல்ல இருந்தது இவ்வளவுதான். எங்கள் வீட்டில் தம்பி தங்கையோடு இருக்கிறான். அவன் பென்ஷன் என் கையில். தங்கை மாதாமாதம் நோட்டில் எழுதி அனுப்புவாள், நான் அனுப்புவேன். "ஹார்லிக்ஸ் யாருக்கு வாங்கினது?" என்று நான் கேட்டு, ஒரு பொங்கல் முழுக்க அவள் என்னோடு பேசவில்லை. கேட்டுத்தான் ஆகவேண்டும். அவளும் என்னைக் கேட்பாள்: "அவன் எஃப்.டி. எப்போ முதிர்ச்சி? ரசீதைக் காட்டு." ஒரே ஆள் கையில் இரண்டும் இருந்தால், அந்த ஆள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், கேட்க யாரும் இல்லை. நல்லவருக்கும் ஒருநாள் மகள் கல்யாணம் வரும்.

அம்மா தன் பங்குக்கு உயில் எழுதட்டும், பதிவும் பண்ணட்டும். அதில் அண்ணன் அந்த வீட்டில் ஆயுள் முழுக்க வசிக்கும் உரிமை என்று ஒரு வரி. பணம் இருந்தால் ஒரு தனியார் அறக்கட்டளை, டிரஸ்டிகளில் அக்கா, நீங்கள், குடும்பத்துக்கு வெளியே ஒருவர். ஒன்றுமே இல்லை என்றாலும் ஒரு நோட்டு.

31 ஆகஸ்ட்

"அக்கா வீட்டில் மாமியார் ஒத்துக்கொள்வாரா" என்கிறீர்கள். அதை அக்காவிடம் கேளுங்கள். அவரை நீங்கள் இன்னும் ஒன்றும் கேட்கவில்லை, பதிலை மட்டும் நீங்களே சொல்கிறீர்கள்.

7 செப்டம்பர்

காதில் அழுக்கு இருந்ததாம். ஒரு காதில். மற்றதில் கேட்கும் திறன் குறைவு, கருவி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சந்தோஷம். காதுக்கருவியை அவர் பிடுங்கிப் போடுவார், முதலில் அரைமணி நேரம் மட்டும், அவருக்குப் பிடித்த பாட்டு ஓடும்போது மாட்டுங்கள்.

அண்ணனைக் கேட்டோம், "எனக்கு அக்கா வீடு, அம்மா வீடு ரெண்டும்" என்றான், இது ஒரு பதிலா என்று கேட்கிறீர்கள். பதில்தான். மாதத்தில் பாதி அங்கே பாதி இங்கே என்று எத்தனை தாத்தா பாட்டிகள் மகன் வீட்டுக்கும் மகள் வீட்டுக்கும் போய்வருகிறார்கள். அவருக்கு இரண்டு வீட்டிலும் ஒரு கட்டில், ஒரு பிரஷ், மருந்துச் சீட்டின் ஒரு நகல் இருந்தால் போதும். யு.டி.ஐ.டி. கார்டு (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) மட்டும் ஒன்றுதான், அது அவரோடு போகட்டும். பஸ்ஸில் துணைக்குப் போகிறவருக்கும் சலுகை உண்டா என்று டிப்போவில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அக்கா மாமியார் ஒன்றும் சொல்லவில்லையாமே. "ரெண்டு இட்லி அதிகம், அவ்வளவுதானே" என்றாராம்.

9 செப்டம்பர்

பாதுகாவலர் மனுவுக்கு இருவரும் சேர்ந்து போகிறீர்களா, நல்லது. திங்கட்கிழமை போகாதீர்கள், மக்கள் குறைதீர்க்கும் கூட்டம், கலெக்டர் ஆபீஸ் வாசலில் நிற்கவே இடம் இருக்காது. அண்ணனையும் கூட்டிப் போங்கள், நேரில் பார்க்க வேண்டும் என்பார்கள். சாப்பிட வைத்துக் கூட்டிப் போங்கள். சான்றிதழ், ஆதார், போட்டோ எல்லாவற்றிலும் மூன்று நகல். ஸெராக்ஸ் கடை வாசலிலேயே இருக்கிறது, ஆனால் மதியம் கரண்ட் போகும்.